கேலரிக்குள் நுழைந்ததும் சுவரைப் படிக்காதீர்கள்

சென்னையில் ஓவியக் கண்காட்சி பார்க்கப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு அடிக்கடி துணையாகப் போகிறேன். படத்தைத் தொடக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது என்பதையெல்லாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல பிள்ளைகளாக நடந்துகொண்டே மதியத்தை வீணடிப்பதற்கென்று வேறு சில வழிகள் உண்டு. ஒரு காலத்தில் நானும் அதே வழியில் போனவன்தான், அதனால் எரிச்சல் கொஞ்சம் கூடவே வருகிறது.

ஊரையே வளைக்கப் பார்ப்பது

எழும்பூர் அருங்காட்சியகம், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, நுங்கம்பாக்கத்தில் ஒன்றிரண்டு தனியார் கேலரி, அப்படியே ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று பட்டியலோடு வருவார்கள். முதல் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பக்கம், சரி. சோழமண்டலத்தை இதில் சேர்த்தால் சாயங்காலம் திருவான்மியூர் சிக்னலில்தான் கழியும். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசைக் கொண்டு உருவாக்கிய இடம் அது. அதற்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை எழும்பூர் போவது

அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

குறிப்பை முதலில் படிப்பது

இதுதான் எனக்கு இன்னமும் பொறுக்காதது. வாசலைத் தாண்டியதும் பக்கத்துச் சுவரில் கண்காட்சியைப் பற்றிய குறிப்பு என்று நாலு பத்தி ஆங்கிலம் ஒட்டியிருக்கும். வந்தவர் கைகட்டி நின்று அதை வரிவரியாகப் படிப்பார், பாதி புரியாது, புரியாததால் தனக்கு இதெல்லாம் வராது என்று முடிவுகட்டிவிடுவார், அப்புறம் குறிப்பில் சொன்ன 'நினைவு', 'இடப்பெயர்வு' எல்லாம் படத்தில் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார். கிடைத்தால் ஒரு போட்டோ, கிடைக்காவிட்டால் அடுத்த படம். ஒரு படத்துக்குப் பத்து விநாடி கூட ஆகாது.

உறவுக்காரப் பையன் ஒருவனை அழைத்துப் போயிருந்தேன். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் ஒன்றின் முன் நின்று, "இதுல என்ன எழுதியிருக்கு மாமா?" என்றான். ஜாதகக் கட்டம் போலக் கோடுகள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தின் சாயலில் பொடிப்பொடியாக என்னவோ. எதையும் வாசிக்க முடியாது, வாசிப்பதற்காக அவர் எழுதவும் இல்லை. பையன் உடனே குறிப்பைத் தேடி ஓடினான். நான் இழுத்துப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்ச நேரம் முனகிவிட்டு, எழுத்து நெருக்கமாக இருக்கிற இடத்தையும் வண்ணம் வெறுமனே விடப்பட்ட இடத்தையும் அவனே காட்ட ஆரம்பித்தான். "தாத்தா ஜாதக நோட்டு மாதிரியே இருக்கு, ஆனா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது" என்றான். அந்தப் படத்தைப் பற்றி அதைவிட நல்ல குறிப்பு நான் படித்ததில்லை.

முதல் சுற்று எதையும் படிக்காமல் நடங்கள். நிறுத்துகிற படத்தின் முன் நில்லுங்கள், கிட்டேயும் போங்கள், தள்ளியும் போங்கள். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த பேனாக் கோட்டுச் சித்திரங்களைக் கண்ணுக்கு அருகில் பார்த்தால் சிக்கிக் கிடக்கும் கோடுகள் மட்டும்தான், நாலடி பின்னால் வந்தால் காந்திக் கிழவர் எழுந்து வருவார். போன் திரையில் இது நடக்காது. இரண்டாம் சுற்றில் படத்துக்குக் கீழே உள்ள சின்ன அட்டையைப் பாருங்கள்: ஆண்டு, அளவு, காகிதமா கேன்வாஸா, மையா அக்ரிலிக்கா. பெரிய குறிப்பைவிட அது உபயோகமானது. குறிப்பைக் கடைசியில் படித்தால் அதோடு சண்டை போடவாவது உங்களிடம் ஏதாவது இருக்கும். பழைய ஆவணங்கள், புகைப்படங்கள் வைத்துச் செய்த கண்காட்சிக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே பின்னணி தெரியாமல் பாதி விஷயம் பிடிபடாது, முதலிலேயே படித்துவிடலாம்.

திறப்பு விழா அன்று படம் பார்க்கப் போவது

காபி கிடைக்கும். படம் முதுகுகளுக்குப் பின்னால் இருக்கும்.

விலை கேட்கக் கூச்சப்படுவது

தனியார் கேலரி என்பது விற்பனை இடம், ஆனால் வாங்காமல் பார்த்துவிட்டுப் போகிறவரை யாரும் விரட்டுவதில்லை, நுழைவுக் கட்டணமும் பெரும்பாலும் கிடையாது. மேசையில் விலைப் பட்டியல் வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள். பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது. விலையைக் கேட்டபிறகு வாங்கியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நழுவுகிறவர்கள், அங்கே இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கிற நல்ல வாய்ப்பை விடுகிறார்கள். எந்தப் படத்தை முதலில் மாட்டினார்கள், ஓவியர் எப்போது வருவார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

தேதி பார்க்காமல் போவது

ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்குமுன் உள்ளே ஏணியும் ஆணித் துளைகளும்தான் இருக்கும். கிளம்புமுன் ஒரு போன் போடுங்கள். கதவு சாத்தியிருந்தால் மூடிவிட்டார்கள் என்று திரும்பிவிடவும் வேண்டாம், ஏசிக்காகச் சாத்தியிருப்பார்கள், மணியை அழுத்துங்கள்.