எஸ்பிஎஸ்எஸ்லயும் ஆர்லயும் 2×2 டிசைனோட மெயின் எஃபெக்ட் மட்டும் மேட்ச் ஆகாம 3 நாள் போச்சு, கடைசில சரியான விதம்

சத்தம் இருக்கு/இல்ல, வார்த்தை லிஸ்ட் ஈஸி/கஷ்டம், இப்படி ரெண்டு ஃபேக்டர், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு லெவல், இதான் 2×2 டிசைன், அளந்தது எத்தனை வார்த்தை ஞாபகம் இருக்குன்னு. டைப் 3 அனோவாவ (குரூப் சராசரிகள் நெஜமாவே வேறயான்னு பாக்கற டெஸ்ட்டோட ஒரு வகை) எஸ்பிஎஸ்எஸ், ஆர்ங்கற ரெண்டு புள்ளியியல் சாஃப்ட்வேர்லயும் போட்டேன். இன்டராக்‌ஷன் (ஒரு ஃபேக்டரோட தாக்கம் இன்னொண்ண பொறுத்து மாறுதாங்கறது) வரியும் எர்ரர் வரியும் புள்ளி பிசகாம ஒண்ணா இருக்கு, ஆனா ரெண்டு மெயின் எஃபெக்ட்டும் (ஒவ்வொரு ஃபேக்டரோட மொத்த தாக்கம்) வேற வேற.

டேட்டா தப்போன்னு ஃபைல திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணேன், அதே கதை. நாலு செல்லுலயும் (சத்தம்-லிஸ்ட் சேர்க்கை ஒவ்வொண்ணும் ஒரு செல்) ஆள் எண்ணிக்கை சமமில்ல (31, 28, 30, 23), அதான் காரணம்னு நெனச்சு ஒவ்வொண்ணுலயும் 23 பேர மட்டும் வெச்சு ஓட்டிப் பாத்தேன், அப்பவும் மேட்ச் ஆகல. அங்கதான் சந்தேகம் வந்துச்சு, சமமான டேட்டால இது மாறவே கூடாதே!

அப்புறம் 'சத்தம் இல்ல'ங்கறதுக்கு பதிலா 'சத்தம் இருக்கு'ங்கறத ஆர்ல ரெஃபரன்ஸ் லெவலா (மத்தத ஒப்பிடற அடிப்படையா) மாத்தினேன், லிஸ்ட்டோட மெயின் எஃபெக்ட் மாறிடுச்சு. அதாவது ஆர் டீஃபால்ட்டா 0/1 டம்மி கோடிங் (ரெஃபரன்ஸ் லெவலுக்கு 0, மத்ததுக்கு 1) போடுது, அதனால டைப் 3 கேட்டா மெயின் எஃபெக்ட்னு வர்றது உண்மையில இன்னொரு ஃபேக்டரோட ரெஃபரன்ஸ் லெவல்ல மட்டும் இருக்கற வித்தியாசம். இன்டராக்‌ஷன் இத வெச்சு மாறாது, அதான் அது மட்டும் சரியா வந்து என்ன ஏமாத்திடுச்சு.

கோடிங்க சம் கான்ட்ராஸ்ட்டுக்கு (ரெண்டு லெவலுக்கும் 1, -1) மாத்தினேன், அப்பவும் மாறல, ஏன்னா பழைய மாடல் ஆப்ஜெக்ட் பழைய கோடிங்கயே பிடிச்சு வெச்சிருக்கு! மாடல மறுபடி ஃபிட் பண்ணதும்தான் எல்லா வரியும் எஸ்பிஎஸ்எஸ்ஸோட ஒத்துப்போச்சு. அப்பாடா.