ஆகஸ்டிலேயே தொடங்கிய கிறிஸ்துமஸ்

நாகர்கோவிலில் எங்கள் குடும்பம் பெரியது. அத்தை, சித்தி, பிள்ளைகள் எல்லாருக்கும் டிசம்பர் 20-க்கு மேல் அவசரமாகத் துணி எடுப்போம். ஜனவரி முழுக்கக் கடன். போன வருஷம் ஆகஸ்டிலேயே பெயர்களை எழுதி, மாதம் 500 ரூபாய் ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தேன். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளில் பை, தலையணை உறை என்று தைத்தேன். நீலச் சேலையின் முந்தியை மட்டும் வெட்ட மனசு வரவில்லை.

சறுக்கியது முந்திரிக்கொத்து என்ற எங்கள் ஊர்ப் பலகாரத்தில்தான். அதையும் சீக்கிரமே செய்துவைத்தேன். தேங்காய்த் துருவலில் ஈரம் இருந்ததால் ஆறாம் நாள் பூசணம் பூத்துவிட்டது. அழுகையே வந்தது. சரி என்று 22-ஆம் தேதி மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை துருவலைப் பொன்னிறமாக, விரலில் தேய்த்தால் மொறமொறவென உதிரும்வரை வறுத்தேன். அப்புறம் வறுத்த சிறுபயறு மாவு, எள், ஏலக்காய், கருப்பட்டிப் பாகு சேர்த்து உருட்டி, மும்மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தேன். நன்றாக ஆறியபின் பனையோலைப் பெட்டிகளில் அடுக்கினேன்.

டப்பாவில் 180 ரூபாய் மிச்சம். அத்தை அந்த ஓலைப்பெட்டியில் இப்போது ஊசி நூல் வைத்திருக்கிறார்கள்.