கோடைக்கால ஃபெலோஷிப்பில் காட்டுயிர்த் தொழில்நுட்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுயிர் பாதுகாப்புத் தொழில்நுட்பத்தில் மாணவர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் கோடைக்கால ஃபெலோஷிப்புகளை இன்று பல்கலைக்கழகங்களும் உயிரியல் பூங்காக்களும் தொண்டு நிறுவனங்களும் வழங்கி வருகின்றன. தானியங்கிக் கேமரா, ஒலிப்பதிவுக் கருவி, ட்ரோன், ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை, படங்களிலிருந்து விலங்கை இனங்காணும் மென்பொருள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு களக்குழு உண்மையிலேயே தவித்துக்கொண்டிருக்கும் சிக்கல் ஒன்றைச் சில வாரங்களுக்குள் தீர்க்க முயல்வதுதான் இவற்றின் சாரம். இத்தகைய மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். இத்துறைக்கு வந்த புதிதில் நான் செய்த பிழைகளையே ஒவ்வொரு கோடையிலும் புதியவர்கள் திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். எழுதி வைத்தால் சிலருடைய உழைப்பாவது வீணாகாமல் இருக்கும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. கடைசித் தேதியைத் தவறவிடுவது, பரிந்துரைக் கடிதத்தை முந்தைய நாள் கேட்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விலங்குகள் மீதான அன்பையே விண்ணப்பமாக எழுதுதல்

விண்ணப்பக் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவை சிறு வயதில் பார்த்த பறவையில் தொடங்கி, செயற்கை நுண்ணறிவு உலகைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் முடிகின்றன. தேர்வுக்குழுவில் அமர்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் அந்த அன்பு உண்டு. அதனால் அது உங்களைத் தனித்துக் காட்டாது. அவர்கள் தேடுவது வேறொன்று. நீங்கள் உருவாக்கப்போகும் கருவியிலிருந்து வரும் தகவலை யார் பார்ப்பார், அதைப் பார்த்து எந்த முடிவை எடுப்பார், அந்த முடிவுக்கு அந்தத் தகவல் எவ்வளவு விரைவாக வந்து சேர வேண்டும் என்ற மூன்றையும் விண்ணப்பதாரர் எண்ணிப் பார்த்திருக்கிறாரா என்பதைத்தான் அவர்கள் அறிய விரும்புகிறார்கள். வேட்டைக்காரர்களைத் தடுக்க வேண்டுமானால் செய்தி சில நிமிடங்களில் வந்தாக வேண்டும். ஒரு மான் இனத்தின் எண்ணிக்கையை மதிப்பிடுவதற்கோ ஆண்டிறுதியில் வந்தாலும் போதும். இவ்விரண்டுக்கும் வேண்டிய கருவி, மின்சாரம், செலவு எல்லாமே வேறு வேறு. இந்த வேறுபாட்டை ஒரே பத்தியில் தெளிவாக எழுதிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் நேர்காணல்வரை வந்துவிடுகின்றன.

படங்களைக் குலுக்கிப் பிரித்தல்

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் ஓயாத, இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இது. ஃபெலோஷிப் திட்டங்களில் மிகுதியாகக் காணப்படுவது தானியங்கிக் கேமராப் படங்களை விலங்கினவாரியாக வகைப்படுத்தக் கற்றுக்கொள்ளும் கணினி நிரலை, அதாவது மாடலை, உருவாக்குவது. மாணவர் களக்குழுவிடமிருந்து பெயரிடப்பட்ட படங்களைப் பெற்று, அவை அனைத்தையும் ஒன்றாகக் குலுக்கி, எண்பது விழுக்காட்டைப் பயிற்சிக்கும் இருபது விழுக்காட்டைச் சோதனைக்கும் ஒதுக்குகிறார். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிப் பாடங்கள் பலவும் இதை ஒரே வரி நிரலில் செய்யச் சொல்லித் தருகின்றன. தனித்தனியே எடுக்கப்பட்ட படங்களுக்கு அது பொருந்தும். தானியங்கிக் கேமராவுக்குப் பொருந்தாது.

காரணம் எளிது. கேமரா மாதக்கணக்கில் ஒரே மரத்தில் கட்டப்பட்டிருக்கிறது. விலங்கு கடந்து செல்லும்போது அது ஒரு படத்தோடு நிற்பதில்லை. பெரும்பாலும் அடுத்தடுத்து மூன்று அல்லது ஐந்து படங்களை எடுக்கிறது. அவற்றில் அதே விலங்கு, அதே பாறை, அதே நிழல். குலுக்கிப் பிரிக்கும்போது முதல் படம் பயிற்சிக்கும், அரை நொடி கழித்து எடுத்த இரண்டாவது படம் சோதனைக்கும் போய்ச் சேர்கின்றன. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுத் தேர்வெழுதிய மாணவரின் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு பொருள் உண்டோ, அந்தச் சோதனையில் வரும் துல்லியத்துக்கும் அவ்வளவுதான். 2018இல் கணினிப் பார்வை ஆய்வாளர்களான சாரா பீரி, கிராண்ட் வான் ஹார்ன், பியத்ரோ பெரோனா ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டிவிட்டது. பயிற்சியின்போது பார்த்த இடங்களில் நன்றாக இயங்கிய மாடல்கள், பார்த்திராத இடங்களில் வைத்த கேமராக்களின் படங்களில் கண்கூடாகத் தடுமாறின. இத்தகைய மாடல்களுக்காக நடத்தப்படும் ஐவைல்ட்கேம் போட்டியில் சோதனைக்கான கேமராக்களைப் பயிற்சிக்கான கேமராக்களிலிருந்து முற்றிலும் வேறாக வைப்பதும் இதற்காகத்தான். இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்ட பிறகும், கோடை முடிவில் மாணவர்கள் தயாரிக்கும் ஆய்வுச் சுவரொட்டிகளில் குலுக்கிப் பிரித்த படங்களின் துல்லியமே பெரிய எழுத்தில் நிற்கிறது.

இது வெறும் கல்விப் பிழை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஒரு கோடையில், வேறொரு குழுவில் பணியாற்றிய மாணவி ஒருவர் உருவாக்கிய மாடல், 95 விழுக்காட்டை ஒட்டிய துல்லியம் காட்டியது. முள்ளம்பன்றியை அது ஏறக்குறையத் தவறாமல் கண்டுபிடித்தது. அந்த எண்ணை நம்பிய களக்குழு, கையால் படம் பார்க்கும் வேலையை அந்தப் பருவத்திலிருந்து நிறுத்திவிட்டது. அடுத்த பருவத்தில் கேமராக்களை ஆற்றின் மறுகரைக்கு மாற்றினார்கள். முள்ளம்பன்றியின் பதிவுகள் அறவே நின்றுபோயின. விலங்கு அப்பகுதியை விட்டுப் போய்விட்டதோ என்ற கவலையில் அவர்கள் பல மாதங்களைக் கழித்தார்கள். பிறகு என்னிடம் வந்த படங்களில், மாடல் எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பதை வண்ணமிட்டுக் காட்டும் வெப்பப்படத்தை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு நிறம் விலங்கின்மேல் விழவேயில்லை. இடப்பக்க மூலையில் பாசி படர்ந்து சாய்ந்து கிடந்த ஒரு மரக்கட்டையின்மேல் முழுவதும் விழுந்திருந்தது. முள்ளம்பன்றி பதிவானவை அனைத்தும் அந்த ஒரே கேமராவில்தான். ஆகவே மாடல் கற்றுக்கொண்டது கட்டையைத்தான். அந்தக் கட்டைக்கு முன்னால் வந்த முயலுக்கும் அது முள்ளம்பன்றி என்றே பெயர் வைத்திருந்தது. அந்தப் பருவத்தின் படங்கள் அனைத்தையும் கையால் மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. மாணவி அதற்குள் வேறு வேலைக்குச் சென்றிருந்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர அங்கே யாருமில்லை. மென்பொருள் பக்கத்து வழிகாட்டிக்குக் கேமரா எப்படிக் கட்டப்படுகிறது என்பது தெரியவில்லை. களத்துப் பக்கத்து வழிகாட்டிக்குப் படங்கள் எப்படிப் பிரிக்கப்படுகின்றன என்பது தெரியவில்லை.

சரியாகச் செய்வதற்குக் கூடுதல் உழைப்பு ஏதும் தேவையில்லை, வரிசைதான் முக்கியம். தரவு கைக்கு வந்த முதல் நாளிலேயே, எந்தப் படத்தையும் திறந்து பார்ப்பதற்கு முன்னால், கேமரா வைத்த இடங்களின் பட்டியலை எடுத்து, அவற்றில் சில இடங்களை முழுமையாக ஒதுக்கி வையுங்கள். அந்த இடங்களின் ஒரு படம்கூடப் பயிற்சிக்குப் போகக் கூடாது. இடங்கள் மிகக் குறைவாக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தை வெளியே நிறுத்தி, மற்றவற்றில் பயிற்சி அளித்து, சுற்றுமுறையில் சோதியுங்கள். மெகாடிடெக்டர் போன்ற கருவியால் விலங்கு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பிறகு இனங்காண்பது பின்புலத்தின் பிடியை ஓரளவு தளர்த்தும். ஆனால் இடவாரியாகப் பிரிப்பதற்கு அது மாற்று ஆகாது.

ஒட்டுமொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணோடு அறிக்கையை முடித்துவிடாதீர்கள். தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் எடுக்கப்பட்ட 32 லட்சம் படங்களைக் கொண்ட தொகுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு படங்களில் விலங்கே இல்லை. அத்தகைய தொகுப்பில் எல்லாப் படங்களையும் "வெற்று" என்று சொல்லும் மாடலுக்குக்கூட 75 விழுக்காடு துல்லியம் கிடைத்துவிடும். எனவே ஒவ்வோர் இனத்துக்கும், ஒவ்வோர் இடத்துக்கும், எத்தனை விலங்குகள் தவறவிடப்பட்டன, எத்தனை முறை பொய்யாகப் பெயர் வைக்கப்பட்டது என்பதைத் தனித்தனியே எழுதுங்கள். புதிய இடங்களில் எண் சரிந்தால் அந்தச் சரிவையே அறிக்கையின் முதல் பக்கத்தில் வையுங்கள். களக்குழுவுக்குத் தேவையானது அந்த எண்தான். ஏனெனில் அடுத்த பருவத்தில் அவர்கள் கேமராவைக் கட்டப்போவது புதிய மரத்தில்.

நம்பக மதிப்பெண்ணை நிகழ்தகவாகப் படித்தல்

பறவைக் குரல்களை இனங்காணும் பேர்ட்நெட் மென்பொருள், ஒவ்வொரு கணிப்புக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. 0.8 என்றால் பத்தில் எட்டு முறை சரி என்று பொருளல்ல. ஓர் இனத்துக்கு 0.3 போதுமானதாக இருக்கும், இன்னொன்றுக்கு 0.9இலும் பாதி பொய்யாக இருக்கக்கூடும். ஒவ்வோர் இனத்துக்கும் வெவ்வேறு மதிப்பெண்களில் சில ஒலித்துண்டுகளை எடுத்து, குரல் தெரிந்த ஒருவரை உட்கார்த்திக் கேட்க வைத்து, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் நம்பலாம் என்ற எல்லையை நீங்களே வரையறுங்கள்.

ஏற்கெனவே இருப்பதை மறுபடி கட்டுதல்

ரோந்துப் பதிவுக்கு ஸ்மார்ட், நேரலைக் கண்காணிப்புக்கு எர்த்ரேஞ்சர், விலங்கின் இடப்பெயர்வுக்கு மூவ்பேங்க், கேமராப் படங்களுக்கு வைல்ட்லைஃப் இன்சைட்ஸ் ஆகிய மென்பொருள் தளங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. முதல் வாரத்தை இவற்றைப் பயன்படுத்திப் பார்ப்பதற்கே செலவிடுங்கள்.

கருவியின் கடிகாரத்தை நம்புதல்

இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் பல வாரத் தரவைப் பயனற்றதாக்கிவிடும். ஆடியோமாத் ஒலிப்பதிவுக் கருவியில் பேட்டரி முழுவதுமாகக் கழற்றப்பட்டால், நேரத்தை மறுபடி அமைத்தாக வேண்டும். அதன் கோப்புப் பெயர்களில் இயல்பாக இருப்பது உள்ளூர் நேரமல்ல, உலகப் பொது நேரம். இதை அறியாமல் "பறவைகள் நள்ளிரவில் கூவுகின்றன" என்று வரைபடம் போட்டுக் காட்டியவர்கள் உண்டு. சில கேமராக்களோ பேட்டரி மாற்றியதும் ஆலையில் அமைத்த பழைய தேதிக்குத் திரும்பிவிடுகின்றன.

களத்தில் நான் வலியுறுத்தும் வழக்கம் ஒன்றுதான். கேமராவைக் கட்டி முடித்ததும், கைபேசியில் நொடிமுள்ளோடு நேரத்தையும், ஒரு தாளில் இடத்தின் குறியீட்டையும் எழுதி, இரண்டையும் கேமராவின் முன்னால் பிடித்து ஒரு படம் எடுக்க வைக்க வேண்டும். கழற்றும்போதும் அதையே செய்ய வேண்டும். இரண்டு படங்களிலும் கைபேசி காட்டும் நேரத்தைக் கேமரா பதிந்த நேரத்தோடு ஒப்பிட்டால் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மெமரி கார்டுகள் மாறிப்போனாலும் எது எந்த இடத்துடையது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.

கோடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான தானியங்கிக் கேமராக்களின் உணரி, விலங்கின் உடல் வெப்பத்துக்கும் பின்னணியின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே இயங்குகிறது. சுடும் நண்பகலில் அந்த வேறுபாடு குறைந்துவிடும். நண்பகலில் படம் குறைந்ததை விலங்கு குறைந்ததாக எழுதிவிடக் கூடாது.

அனுமதி தானாக வந்துவிடும் என்று எண்ணுதல்

ஆய்வு அனுமதி, விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், ட்ரோன் பறக்கவிடும் அனுமதி, வானொலி அலைவரிசைப் பயன்பாடு ஆகிய ஒவ்வொன்றும் தனி அலுவலகத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் உங்கள் கோடையைவிட நீண்ட காலம் எடுக்கக்கூடும். ஃபெலோஷிப் உறுதியானதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அனுமதி யார் பெயரில் ஏற்கெனவே பெறப்பட்டிருக்கிறது என்பதே. விடை தெளிவாக இல்லையென்றால், அனுமதி தேவைப்படாத பகுதியை, அதாவது பழைய தரவைப் பகுத்தாய்வதைத் திட்டத்தின் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளை விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதையும், ஒரு பேட்டரி 100 வாட்-மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் இசைவு தேவை என்பதையும் புறப்படுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அழிவின் விளிம்பில் உள்ள விலங்கின் இருப்பிடத்தைப் பகிர்தல்

மகிழ்ச்சியில் சமூக ஊடகத்தில் ஏற்றும் ஒரு படத்துக்குள்ளேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் ஆபத்தில் உள்ள இனங்களின் துல்லியமான இடத்தைத் தாமாகவே மறைக்கின்றன. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உங்கள் பக்கத்தில் போட்ட அட்டவணையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைவிடக் குறைவாகவே பேசப்படுவது, கேமராவில் சிக்கும் மனிதர்களைப் பற்றியது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டுக்குள் வரும் பெண்களின் படங்கள் ஒவ்வொரு கார்டிலும் இருக்கும். அவற்றை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே, அந்தப் பகுதி மக்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். அவர்கள் இசையாத இடத்தில் கேமரா வைக்க வேண்டாம்.

உதவித்தொகையைப் பற்றிக் கேட்கத் தயங்குதல்

பயணம், தங்குமிடம், காப்பீடு யாருடைய பொறுப்பு என்பதை ஏற்புக் கடிதத்துக்குப் பதில் அனுப்பும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

எல்லாவற்றையும் சொந்தக் கணக்கில் விட்டுச் செல்லுதல்

மாணவருக்குக் கிடைத்த இலவச மேகக் கணினிப் பயன்பாட்டு வரம்பு தீர்ந்ததும் சேவையகம் நின்றுவிடும். பல்கலைக்கழக மின்னஞ்சல் முடக்கப்பட்டதும் கடவுச்சொல்லை மீட்க வழியிருக்காது. ஆகவே கணக்குகளைத் தொடக்கத்திலேயே களக்குழுவின் பெயரில் தொடங்குங்கள். ஒப்படைக்கும் ஆவணத்தில் நிரலை இயக்கும் முறையோடு, எந்த வகை பேட்டரி, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கார்டு நிரம்பினால் என்ன அறிகுறி தெரியும், எந்த இடங்களின் படங்களில் மாடல் சோதிக்கப்பட்டது, எந்த இனங்களுக்கு அதை நம்பக் கூடாது என்பவையும் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் களப்பணியாளர் ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் பக்கத்திலிருந்து வாய் திறக்காமல், அந்த ஆவணத்தை மட்டும் பார்த்து ஒரு கார்டிலிருந்து முடிவுவரை அவரையே செய்து முடிக்கச் சொல்லுங்கள். அவர் நின்று யோசிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே அந்த வரிகளைத் திருத்தி எழுதுங்கள்.