பெயர் வைப்பவர் தேர்தலில் நின்றால்: சோன் ஹே-வோன் சறுக்கிய இடங்கள்

கொரியச் சாப்பாட்டுக் கடைகளில் மேஜைக்கு மேஜை நிற்கும் பச்சை பாட்டில் மதுவான சோஜுவில் இரண்டு பெயர்கள் பிரபலம்: சாமிசுல், சோயும் சோரோம். போட்டிக் கம்பெனிகள்தான், ஆனால் இரண்டு பெயருக்கும் பின்னால் இருந்தவர் ஒருவரே. பிராண்ட் டிசைனர் சோன் ஹே-வோன். 2015இல் அரசியலுக்கு வந்தார், மறு ஆண்டே தலைநகர் சியோலின் மாபோ பகுதித் தொகுதி ஒன்றில் ஜெயித்து எம்.பி. ஆனார். விளம்பரத் துறையிலிருந்து அரசியலுக்கு வர ஆசைப்படுபவர்கள் அவருடைய வெற்றியைத்தான் பார்ப்பார்கள். சறுக்கல்களில்தான் விஷயம் அதிகம் என்பேன்.

முதல் தவறு, பெயர் மாறினால் சரக்கும் மாறிவிடும் என்று நம்புவது. 1998இல் வந்த சாமிசுல்லையே பாருங்கள். ஜின்ரோ என்ற கம்பெனிப் பெயரின் இரண்டு சீன எழுத்துகளுக்கு ‘உண்மை’, ‘பனித்துளி’ என்று அர்த்தம். அதையே தூய கொரிய மொழியில் ‘சாம்’, ‘இசுல்’ என்று சொன்னால் சாமிசுல். பழைய சரக்குக்குள் இருந்ததையே வெளியே எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். கட்சியிலும் அதைத்தான் செய்தார். பிளவுபட்டுக்கொண்டிருந்த எதிர்க்கட்சிக்கு 2015 டிசம்பரில் ‘தோபுரோ மின்ஜுதாங்’ என்ற பெயர் வந்தது. அந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் அவர். ‘தோபுரோ’ என்றால் ‘கூடச் சேர்ந்து’, ‘மின்ஜுதாங்’ என்றால் ஜனநாயகக் கட்சி. 2016 ஏப்ரலில் அந்தக் கட்சிக்கு 123 இடம், ஆளுங்கட்சிக்கு 122. இதைப் பெயரின் வெற்றி என்று எழுதுபவர்கள், ஆளுங்கட்சி வேட்பாளர் தேர்வில் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, தெரியாத துறையிலும் மீட்டிங்கில் பேசுகிற அதே தோரணையில் பேசுவது. 2018 அக்டோபரில் தேசிய பேஸ்பால் பயிற்சியாளர் சுன் தோங்-யோலை நாடாளுமன்ற விசாரணைக்கு அழைத்தார்கள். ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்குவது அவ்வளவு கஷ்டம் என்று தான் நினைக்கவில்லை என்று அவரிடமே சொன்னார் சோன். ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த மாதம் பயிற்சியாளர் ராஜினாமா செய்தபோது அந்தப் பேச்சையே குறிப்பிட்டார். டிசைனைப் பற்றிப் பேசும்போது குறுக்கே பேச ஆளில்லாமல் பழகியவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு.

பெரிய சறுக்கல் மொக்போ. தென்மேற்கே உள்ள துறைமுக ஊர். ஜப்பானியர் ஆட்சிக்காலத்து வீடுகள் இன்னும் நிற்கின்றன. சோன் கைவினைப் பொருட்களைத் தேடிச் சேர்ப்பவர், முத்துச்சிப்பி பதித்த அரக்குச் சாமான்களுக்கு அருங்காட்சியகமே வைத்திருந்தவர். பழைய தெருவைக் காப்பாற்றத்தான் உறவினர்களையும் மற்றவர்களையும் வீடு வாங்கச் சொன்னேன் என்றார். ஆனால் அப்போது அவர் நாடாளுமன்றக் கலாசாரக் குழுவில் இருந்தார். பதவியில் கிடைத்த தகவலை வைத்து வாங்க வைத்தாரோ என்ற சந்தேகத்தோடு 2019 ஜனவரியில் செய்தி வெடித்தது, சில நாட்களில் கட்சியை விட்டு விலகினார்.

இதைப் படிப்பவர்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு: ‘ரகசியத் தகவலை வைத்து நிலம் வாங்கித் தண்டனை பெற்றவர்’ என்று முடித்துவிடுவது. முதல் தீர்ப்பில் ஒன்றரை ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1 கோடி வோன் அபராதம் மட்டுமே, அதுவும் சொத்தை உறவினர் பெயரில் பதிவு செய்ததற்கு. பெயர் வைப்பதையே தொழிலாகக் கொண்டவர் கடைசியில் மாட்டியது பத்திரத்தில் இருந்த பெயரால்.

அப்புறம், கோபத்தில் தனிக்கட்சி. 2020இல் அவரும் சிலரும் சேர்ந்து தொடங்கிய கட்சி 3 இடங்கள் பிடித்தது. 2022 ஜனவரியில் அது போய்க் கலந்தது தோபுரோ மின்ஜுதாங்கில்தான்.