எக்ஸ்-பிளேனில் தாமிரபரணிக் கரை

வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து எழும்பி மேற்கே திரும்பியதும் பொதிகை மலை அசல் போலவே தெரிய வேண்டும் என்று விரும்புபவர்கள், ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவச மென்பொருளைக் கொண்டு எக்ஸ்-பிளேன் என்ற கணினி விமானப் பாவனை மென்பொருளுக்கான நிலக்காட்சியைத் தாமே உருவாக்கிக்கொள்ளலாம். அது நிலப்பரப்பை ஒரு பாகைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. திருநெல்வேலி நகரம் 8 வடக்கு, 77 கிழக்கு என்ற கட்டத்தில் இருக்க, வாகைக்குளமோ 78 பாகைக் கோட்டைச் சற்றே தாண்டி அடுத்த கட்டத்தில் விழுவதால், இரண்டையும் உருவாக்க வேண்டும்.

நிலத்தின்மேல் விரிக்கும் செயற்கைக்கோள் படத்தின் நுணுக்க அளவு 16 போதும். ஒரு படி கூட்டினால் கோப்பின் பருமன் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், 17 என்ற அளவை ஓடுபாதையைச் சுற்றி மட்டும் வைத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் படத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. கோடையில் எடுத்த படத்தில் சேரன்மகாதேவி வயல்கள் வறண்டு கிடக்கும். பிசானப் பருவ நெல் நிற்கும் மாதத்துப் படமோ ஆற்றின் இருகரையையும் பச்சைப் பட்டையாகக் காட்டும்.

உருவான கட்டங்களைக் 'கஸ்டம் சீனரி' கோப்புறையில் இட்டு, எக்ஸ்-பிளேனை ஒருமுறை திறந்து மூடினால், அங்குள்ள பட்டியல் கோப்பில் அவற்றின் பெயர்கள் சேரும். அந்த வரிசையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மேலே விமான நிலையங்கள், அதன்கீழ் சாலையும் மரங்களும் தரும் மேலடுக்கு, அடியில் படக்கட்டங்கள் என்று இருக்க வேண்டும். நான் முதன்முறை தலைகீழாக வைத்துவிட்டு, முனையக் கட்டடம் எங்கே போயிற்று என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். மேலடுக்கைத் தனியாக எடுத்துச் சேர்க்க மறந்தால், அகத்தியமலைக் காடு மரமே இல்லாமல், மலைமேல் விரித்த பச்சைத் துணி போலக் கிடக்கும்.