வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ: மற்றவர்களுக்குப் பரவாமல் தடுத்த விதம்

போன ஐப்பசியில் சம்பா நடவு முடிந்த வாரம் அண்ணன் காய்ச்சலில் படுத்தார். ஒரே வாரத்தில் அம்மா, பிள்ளைகள் என்று வீடே படுத்துவிட்டது. இந்த ஆண்டு அண்ணிக்கு வந்தபோது வேறு யாருக்கும் வரவில்லை. மன்னார்குடிப் பக்கத்து ஓட்டு வீட்டில் நாங்கள் செய்தது இது.

1. காய்ச்சல் தெரிந்த அன்றே தனி அறை. அறிகுறி தெரிவதற்கு 1 நாள் முன்பே வைரஸ் பரவத் தொடங்கிவிடும். தொற்றியவருக்குக் காய்ச்சல் வர 1 முதல் 4 நாள் ஆகும். அதனால் 4 நாள் எல்லோருமே முகக்கவசம் போட்டோம்.

2. ஜன்னல். போன முறை நாங்கள் தவறியது இங்கேதான். அடைமழை, ஈரக்காற்று ஆகாது என்று அத்தனை ஜன்னலையும் சாத்தி, அண்ணனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஃப்ளூ வாடைக்காற்றில் வருவதில்லை. நோயாளியின் இருமலிலும் மூச்சிலும் வருகிறது. அடைத்த அறையில் அந்த நுண்துளிகள் வெளியேற வழியின்றி மிதக்கும். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைத் திறவுங்கள். சாரல் அடித்தால் மேல் கதவை மட்டுமாவது திறந்து வையுங்கள். ஒரே ஜன்னல்தான் என்றால், மேசை மின்விசிறியை வெளியே பார்த்து வையுங்கள். கூரை மின்விசிறி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும்.

3. நோயாளிக்கு அறுவைசிகிச்சை முகக்கவசம், கவனிப்பவருக்கு என்-95. துண்டை மடித்துக் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பக்கவாட்டில் காற்று புகும். கைக்கு 20 விநாடி சாதாரண சோப்பு போதும். வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பில் சிதைந்துவிடும்.

4. மருந்து. கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள், அது வைரஸைக் கொல்லாது. ஃப்ளூ வைரஸுக்கு எதிரான மருந்தான ஒசெல்டாமிவிர் மருத்துவர் சொன்னால் மட்டும். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். கர்ப்பிணி, முதியவர், 5 வயதுக்குட்பட்ட குழந்தை, சர்க்கரை அல்லது ஆஸ்துமா உள்ளவர் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத்திணறல், உதடு நீலம்பாய்தல், மனக்குழப்பம் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

தடுப்பூசியை வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணியிலேயே போட்டுவிடுங்கள். பாதுகாப்பு உருவாக சுமார் 2 வாரம் பிடிக்கும். வைரஸின் மேற்புரதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும்.

பின்சேர்க்கை: ஆவி பிடித்தால் வைரஸ் சாகாதா என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். சாகாது, மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவே. கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கம் வைக்காதீர்கள். கைக்குழந்தையோடு இருக்கும் அம்மாவுக்கு ஃப்ளூ வந்தால் பாலை நிறுத்த வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். ஃப்ளூ தாய்ப்பால் வழியாகப் பரவாது. கையைக் கழுவி, முகக்கவசத்தோடு கொடுக்கலாம்.