அம்மம்மாவுக்குக் கல்வெட்டு எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரு வயதான மனுசி கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு முன்பு கல்வெட்டு அடித்து முடித்திருக்க வேண்டும். தேவாரம், வாழ்க்கை வரலாறு, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, வம்சாவளி எல்லாம் சேர்ந்த அந்தச் சின்னப் புத்தகத்துக்காக ஆட்கள் என்னிடம் வருவார்கள். கொக்குவிலில் இருக்கிற ஓய்வு பெற்ற தமிழ் ரீச்சர் நான். "ரீச்சர், நாலு பக்கம் காணும்" என்று ஒரு தாளையும் நீட்டுவார்கள். தகப்பனார் மலாயா பென்சனியர், கணவர் ஸ்டேசன் மாஸ்டர், மூத்த மகன் எஞ்சினியர், மருமகன் கணக்காளர் என்று அதில் வரிசையாக இருக்கும். அம்மாவைப் பற்றி "அன்பே உருவானவர், விருந்தோம்பலில் சிறந்தவர்" என்று ஒரே ஒரு வரி. பெயரை மாற்றினால் அடுத்த ஒழுங்கையில் இருக்கிற எவருக்கும் பொருந்தும். ஆம்பிளையளின் உத்தியோகங்களை அடுக்கி ஒரு பெண்ணின் வரலாற்றை எழுத முடியாது. அவர் என்ன செய்தார் என்று தேடத்தான் வேண்டும்.

முதலில் நேரம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடியும் மட்டும் வீடு நிறையச் சனம் இருக்கும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள், பருத்தித்துறையிலிருந்தும் காரைநகரிலிருந்தும் வந்த கிழவிகள், எல்லாரும் ஒரே பந்தலுக்குள் இருக்கிற நாட்கள் அவை. அப்போதே போனில் பேச்சைப் பதிந்துவிடுங்கள். எட்டு முடிந்த கையோடு வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறிவிடுவார்கள். இருபதாம் நாளுக்குள் எழுத்து அச்சகத்துக்குப் போனால்தான் இரண்டு தரம் புரூவ் பார்க்கலாம்.

யாரிடம் கேட்பது? மூத்த மகனிடம் என்றால் உத்தியோகக் கதைதான் வரும். பிள்ளைகளுக்கு அவரைத் தாயாக மட்டுமே தெரியும். தங்கச்சியைப் பிடியுங்கள், மச்சாளைப் பிடியுங்கள், கூட இருந்து கிடுகு பின்னின பக்கத்து வீட்டுக்காரியைப் பிடியுங்கள். "அக்காவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் "அவ நல்ல மனுசி" என்பதோடு கதை முடிந்துவிடும். கையில் பிடிக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். 1995 ஐப்பசி இடப்பெயர்வில், மழைக்குள்ளே நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனபோது வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போனா? கரண்ட் இல்லாத யுத்த வருசங்களில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படிக்க மண்ணெண்ணெய்க்கு எங்கே போனா? சங்கக்கடைக் கூப்பன் யார் கையில் இருந்தது? இப்படிக் கேட்டால் கிழவிகள் ஒருவரை ஒருவர் திருத்தத் தொடங்குவார்கள். அந்தத் திருத்தங்களையும் விடாமல் எழுதுங்கள்.

திகதிகளில் கவனம் வேண்டும். "யுவ வருடம் ஆடி" என்று சாதகக் குறிப்பில் இருந்தால் அது 1935. அறுபது வருடச் சுற்று என்பதால் 1995உம் யுவதான், அவசரத்தில் குழம்பாதீர்கள். பிறப்புச் சான்றிதழும் சாதகமும் முரண்பட்டால், பதிவு பிந்தி நடந்ததா என்று பாருங்கள். பிந்தியிருந்தால் நான் சாதகத்தையே எடுப்பேன். மற்றச் சம்பவங்களுக்கு ஊர் அறிந்த வருசங்களை முளையாக அடியுங்கள்: யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956, மார்கழிப் புயல் அடித்த 1964, தமிழாராய்ச்சி மாநாடு நடந்த 1974, யாழ் நூலகம் எரிந்த 1981, இந்தியன் ஆமியோடு சண்டை நடந்த 1987. "சின்னவன் பிறந்தது புயலுக்கு முதலோ, பிறகோ?" என்று கேட்டால் ஒருவரும் யோசிக்கமாட்டார்கள், உடனே சொல்வார்கள்.

பிறகு அவருடைய பெட்டியைத் திறவுங்கள். அனுமதி கேட்டுத்தான். கோண்டாவிலில் ஒரு வீட்டில் சேலைகளுக்கு அடியில் பழைய சீஆர் கொப்பி ஒன்று இருந்தது. மட்டை கழன்று, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பென்சிலால் எழுதிய சீட்டுக் கணக்கு. ஆட்களின் பெயர் இல்லை, "சந்தியடி", "பெரிய வளவு" என்று இடப்பெயர்தான். எழுபதுகளில் வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வருவதை அரசாங்கம் மறித்தபோது இங்கே தோட்டக்காரர் கையில் காசு புரண்டது அல்லவா? அந்தக் காலத்துப் பக்கம் ஒன்றில், வெங்காயம் விற்ற தொகைக்கு நேரே "கொடி மீட்டது" என்று இரண்டே சொல். அடைவில் கிடந்த தாலிக்கொடியை மீட்டது அவரே என்பது பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாது. கணவர்தான் மீட்டார் என்று எழுதித் தந்திருந்தார்கள்! அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கல்வெட்டிலேயே போட்டோம்.

கொப்பி எல்லா வீட்டிலும் கிடைக்காது. அப்படியென்றால் கைவேலையைப் பாருங்கள். பனாட்டுப் போட்டாரா, நீத்துப்பெட்டி இழைத்தாரா, ஒடியல் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்பினாரா, அயலில் யாருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தார், யாருக்கு மருந்துச் சரக்குத் திரித்துக் கொடுத்தார். அவர் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்றையாவது அப்படியே, பேச்சுத் தமிழிலேயே போடுங்கள். இலக்கணம் திருத்தவேண்டாம்.

காணிச் சண்டை, சீதனத் தொகை, யார் யாரோடு கதைக்கவில்லை என்பவை வேண்டாம். இழந்த பிள்ளைகளைப் பற்றி எழுதுவதா என்பதை வீட்டார்தான் முடிவு செய்யவேண்டும். எழுதுவதானால் பெயரும் வருசமும் மட்டும், அலங்காரம் இல்லாமல்.

திதி வெண்பாவை யாப்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள். திதி கணிக்கிற இரண்டு முறைகளில் வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று வீட்டுக் குருக்களிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் சில வேளை திதி வித்தியாசப்படும். "மருமக்கள் புலம்பல்", "பேரப்பிள்ளைகள் புலம்பல்" என்று ஆயத்தமாகக் கிடைக்கிற பாட்டுகளை நான் கூடியவரை வெட்டிவிடுவேன். அதற்குப் பதிலாக ஒரு பேத்தி தன் சொந்தச் சொல்லில் எழுதிய ஐந்து வரி போதும்.

அச்சக வேலையில் இரண்டு மூன்று வில்லங்கம் உண்டு. போனில் தட்டிய எழுத்து யூனிகோட். அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்தால் மாற்றும்போது கொம்பும் அரவும் இடம் மாறலாம், ஆகவே புரூவை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். படத்தை வட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் தெளிவு போய்விடும், டொக்கியுமென்றாக அனுப்பச் சொல்லுங்கள். பக்கங்கள் நாலின் மடங்காக வரவேண்டும். வம்சாவளியை ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்குக் காட்டிச் சரி என்று வாங்காமல் அடிக்கவிடாதீர்கள். ஒரு மருமகளின் பெயர் விடுபட்டால் அந்தியேட்டிச் சாப்பாட்டிலேயே கதை தொடங்கிவிடும்.

அடித்து முடிந்ததும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். நினைவு மலர்களையும் அவர்கள் மின்வருடி இணையத்தில் சேர்த்து வைக்கிறார்கள். ஆனால் அது உலகம் முழுக்கத் தெரியும் என்பதால், உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி இலக்கம் எதுவும் வம்சாவளிப் பக்கத்தில் இல்லை என்பதை அச்சுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.